தானியப் பெப்டைடுகளும் உடலின் தற்காப்பும்

அரிசி, கோதுமை, சோளம், கம்பு, கேழ்வரகு முதலிய தானியங்களை மாவுச்சத்துக்காகவே நாம் உண்கிறோம் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் முழுவதும் சரியன்று. நூறு கிராம் அரிசியில் 7 முதல் 8 கிராம் வரையிலும், கோதுமையில் 10 முதல் 12 கிராம் வரையிலும் புரதம் உள்ளது. ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பாராயின், அதிலிருந்து மட்டும் அவருக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கிறது. நம் நாட்டுக் கிராமங்களில் மக்கள் பெறும் மொத்தப் புரதத்தில் பாதியை ஒட்டிய பகுதி இன்றும் தானியங்களிலிருந்தே வருகிறது. பாலும் முட்டையும் இறைச்சியும் எட்டாத குடும்பங்களில் இப்பங்கு இன்னும் அதிகம்.

இப்புரதம் உடலில் என்ன ஆகிறது? அது அமினோ அமிலங்களாகப் பிரிந்து, இரத்தத்தில் கலந்து, தசை முதலியவற்றைக் கட்டப் பயன்படுகிறது என்பது பள்ளிப் பாடங்கள் கூறும் விடை. அவ்விடை பெரும்பாலும் உண்மையே. ஆயினும், புரதம் முழுவதும் சிதைந்து முடிவதற்கு முன் தோன்றும் இடைநிலைத் துணுக்குகளுக்கும் தமக்கெனச் சில செயல்கள் உண்டு என்பதையும், அவற்றுள் சில உடலின் நோய்த் தடுப்பு அமைப்போடு தொடர்புடையன என்பதையும் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சி காட்டியுள்ளது. 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பிறகு, நோய் எதிர்ப்புச் சக்தியை வளர்ப்பதாகக் கூறும் மாவுகளும் பானங்களும் கடைகளில் பெருகியிருக்கின்றன. ஆகவே, இத்துறையில் நிலைநாட்டப்பட்டது எது, எதிர்பார்ப்பாக மட்டும் நிற்பது எது என்பதைப் பிரித்தறிவது, குடும்பத்தின் உணவுச் செலவைத் திட்டமிடுவோர் யாவருக்கும் பயனுடையதாகும்.

துணுக்குகள் உண்டாகும் விதம்

இருபது வகை அமினோ அமிலங்கள் பலவாறாகக் கோக்கப்பட்டு அமைந்த நீண்ட சங்கிலியே புரதம். அச்சங்கிலியிலிருந்து அறுபட்ட, இரண்டு முதல் சுமார் ஐம்பது வரை அமினோ அமிலங்களைக் கொண்ட சிறு துண்டு பெப்டைடு எனப்படும். ஜெர்மன் இரசாயன அறிஞர் எமில் ஃபிஷர், கிளைசின் என்னும் அமினோ அமிலத்தின் இரு மூலக்கூறுகளை இணைத்து, மிக எளிய பெப்டைடை 1901-இல் செயற்கை முறையில் ஆக்கிக் காட்டினார். பெப்டைடு என்ற பெயரும் அவர் இட்டதே.

நாம் உண்ட சோறோ சப்பாத்தியோ இரைப்பையை அடைந்ததும், அங்குள்ள அமிலமும் பெப்ஸின் என்னும் நொதியும் புரதச் சங்கிலியை முதன்முதலில் துண்டிக்கின்றன. பின்னர்ச் சிறுகுடலில் கணையநீரின் டிரிப்ஸின், கைமோடிரிப்ஸின் முதலிய நொதிகள் அத்துண்டுகளை மேலும் சிறியனவாக்குகின்றன. ஒவ்வொரு நொதியும் தனக்குரிய இடத்தில் மட்டுமே வெட்டும். சான்றாக, டிரிப்ஸின் என்பது லைசின், ஆர்ஜினின் ஆகிய இரு அமிலங்களை அடுத்துள்ள பிணைப்புகளையே அறுக்கும். ஆதலால் அது வெட்டிய துண்டுகள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றில் முடிவடையும். இறுதியாகக் குடற்சுவரிலுள்ள நொதிகள், எஞ்சியவற்றைத் தனித்தனி அமிலங்களாகவும், இரண்டு அல்லது மூன்று அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடுகளாகவும் ஆக்கிவிடுகின்றன. இச்சிறு பெப்டைடுகளை உயிரணுக்களுக்குள் ஏற்றிச் செல்வதற்கென்றே குடற்சுவரில் ஒரு தனிப் புரதம் அமைந்துள்ளது. அதற்குரிய மரபணு 1994-இல் பிரித்தறியப்பட்டது.

இவ்வளவு நொதிகளுக்கும் எளிதில் வசப்படாத அமினோ அமிலம் ஒன்று உண்டு. அது புரோலின். மற்ற அமினோ அமிலங்களில் பக்கக்கிளை தனித்து நிற்கும். புரோலினிலோ அது வளைந்து சங்கிலியின் நைட்ரஜன் அணுவோடேயே இணைந்து வளையமாகிவிடுகிறது. அதனால் அவ்விடத்தில் சங்கிலி விறைத்துக் கோணிவிடுகிறது. நொதியின் பள்ளத்தில் அது சரிவரப் பொருந்துவதில்லை. கோதுமையின் கிளையடின், பார்லியின் ஹார்டெயின், மக்காச்சோளத்தின் ஸெயின் ஆகிய புரதங்களுக்குப் புரோலமின் என்ற பொதுப்பெயர் ஏற்பட்டதே, அவற்றில் இப்புரோலின் மிகுந்திருப்பதை ஒட்டித்தான். இந்த ஒரு குணத்தை வாசகர்கள் நினைவிற் கொள்வார்களாக. பின்னர்க் கூறப்படும் நன்மை, தீமை இரண்டிலும் இப்புரோலினை நாம் காணப்போகிறோம்.

குடலில் உள்ள காவற்படை

உண்ட பெப்டைடு இரத்தத்தில் கலந்தால்தானே நோய்த் தடுப்பு அமைப்பை அணுக முடியும் என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. நான்கு, ஐந்து அமிலங்களுக்கு மேற்பட்ட பெப்டைடுகள் முழு உருவில் இரத்தத்தை அடைவது மிகச் சொற்ப அளவிலேயே நிகழ்கிறது. ஆனால் காவற்படை இரத்தத்தில் மட்டும் இல்லை. உடலின் நோய்த் தடுப்பு உயிரணுக்களில் மிகப் பெரும் பகுதி குடற்சுவரிலேயே குடியிருக்கிறது. நாள்தோறும் உணவோடு எண்ணற்ற கிருமிகள் புகும் வாயில் அதுவேயாதலால், இவ்வேற்பாடு வியப்பிற்குரியதன்று. ஸ்விட்ஸர்லாந்து மருத்துவர் யோஹான் கொன்ராட் பேயர் 1677-இல் சிறுகுடலில் கண்டு விவரித்த திட்டுகள், இக்காவற்படையின் பாசறைகளே என்பது பிற்காலத்தில் விளங்கிற்று. அத்திட்டுகளின் மேற்புறத்திலுள்ள தனி வகை உயிரணுக்கள், குடலின் உள்ளே செல்லும் பொருள்களில் சிறிதளவை எடுத்துக் கீழேயுள்ள வெள்ளணுக்களுக்குக் காட்டுகின்றன. ஆகவே ஒரு பெப்டைடு குடலிலேயே தன் செயலைப் புரிதல் கூடும்.

அரிசியிலிருந்து ஒரு சான்று

உணவுப் பெப்டைடுகளின் ஆராய்ச்சி தானியத்தில் தொடங்கவில்லை, பாலில் தொடங்கிற்று. ஸ்வீடன் நாட்டு ஒல்லே மெல்லாண்டர் 1950-இல், பாற்புரதமான கேசீனின் துணுக்குகள் எலும்பு மென்மை நோயுற்ற குழந்தைகளுக்குச் சுண்ணாம்புச்சத்துச் சேர உதவுவதை அறிவித்தார். 1981-இல் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர், தாய்ப்பாலின் கேசீனிலிருந்து கிடைத்த துணுக்குகள் வெள்ளணுக்களை ஊக்குவிப்பதைக் கண்டனர். தாய்ப்பால் குழந்தையைக் காப்பது இயல்பே. அரிசியில் அத்தகைய பொருள் இருக்குமென்று எதிர்பார்த்தோர் சிலரே.

1994-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர், அரிசியின் ஆல்புமின் என்னும் புரதத்தை டிரிப்ஸினைக் கொண்டு செரிக்கச் செய்து, அதிலிருந்து ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தனர். அதற்கு ஒரைஸாடென்ஸின் எனப் பெயரிட்டனர்; நெல்லின் தாவர நூற்பெயரான ஒரைஸா என்பதினின்று பிறந்த பெயர் இது. அதன் வரிசை: கிளைசின், டைரோசின், புரோலின், மெதியோனின், டைரோசின், புரோலின், லியூசின், புரோலின், ஆர்ஜினின். ஒன்பதில் மூன்று புரோலின் என்பதையும், டிரிப்ஸினின் வழக்கப்படி இறுதியில் ஆர்ஜினின் நிற்பதையும் காண்க.

இப்பெப்டைடு மனித இரத்தத்தின் வெள்ளணுக்களோடு கலக்கப்பட்டபோது, அவ்வணுக்கள் அயற்பொருளை விழுங்கும் செயலை முன்னினும் மிகுதியாகப் புரிந்தன. ருஷ்ய அறிஞர் மெச்னிகாவ் 1882-இல் நட்சத்திரமீனின் இளவுயிரில் முதன்முதல் கண்ட அதே விழுங்கற் செயல்தான் இது. அதற்காக அவர் 1908-இல் நோபல் பரிசு பெற்றார். விழுங்கிய கிருமியைக் கொல்ல வெள்ளணு வெளியிடும், ஆக்ஸிஜனிலிருந்து பிறக்கும் தீவிரப் பொருளும் அதிகமாயிற்று.

அரிசித் துணுக்கு ஒன்று மனித உயிரணுவைத் தூண்டுவது எங்ஙனம்? உடலில் கிருமி புகுந்தால், இரத்தத்திலுள்ள ஒரு புரதம் பிளந்து, சி3ஏ என்னும் 77 அமினோ அமிலத் துண்டு வெளிப்படுகிறது. வெள்ளணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் இது சென்று பொருந்துவதே அபாய அறிவிப்பாகும். சி3ஏயின் கடைசி மூன்று அமிலங்கள் லியூசின், அலனின், ஆர்ஜினின். ஒரைஸாடென்ஸினின் கடைசி மூன்றும் லியூசின், புரோலின், ஆர்ஜினின். பூட்டுக்கு உரிய சாவியின் நுனியை ஒத்த நுனி, நெல்லிலிருந்து வந்த துண்டிலும் அமைந்திருக்கிறது. அது அதே ஏற்பியில் பொருந்துவதும் சோதனையால் தெரிந்தது. 1970-இல் கண்டறியப்பட்ட டஃப்ட்ஸின் என்ற மற்றொரு பெப்டைடும் ஈண்டுக் குறிப்பிடத் தக்கது. நம் உடலின் நோய் எதிர்ப்புப் புரதத்திலிருந்தே பிரிந்து வெள்ளணுக்களைத் தூண்டும் இந்த நான்கு அமிலத் துண்டும் புரோலின், ஆர்ஜினின் என்றே முடிகிறது. எனினும் இந்த ஒற்றுமையைக் கொண்டு மட்டும் பொது விதி காண்பது தகாது. டஃப்ட்ஸின் வேறு ஏற்பியின் வழியாகவே செயல்படுகிறது.

இனி, இச்சான்றின் எல்லையையும் கூறவேண்டும். வெள்ளணுக்கள் சோதனைக் குழாயில் இருந்தன. மனிதனின் குடலில் அல்ல. அரிசிப் புரதத்தில் மிகப் பெரும் பகுதி குளூட்டெலின் என்ற வேறு புரதமாகும். ஆல்புமின் சொற்பமே, அதுவும் தவிட்டை ஒட்டிய பகுதியிலேயே மிகுதி. நன்கு தீட்டிய அரிசியில் அதன் அளவு மேலும் குறைந்துவிடுகிறது. ஒரு கவளம் சோற்றிலிருந்து எத்துணை ஒரைஸாடென்ஸின் உண்டாகும், அது அடுத்த நொதிக்குத் தப்பி எத்துணை நேரம் நிலைக்கும் என்பன வெவ்வேறு வினாக்கள். குழாயில் நிகழ்ந்ததைக் கொண்டு இவற்றுக்கு விடை கூற இயலாது.

கோதுமையில் நிலை ஒரு படி முன்னேறியுள்ளது. கோதுமைக் குளூட்டனை நொதிகளால் சிதைத்துப் பெற்ற பெப்டைடுக் கலவையை, 2005-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், ஆரோக்கியமுள்ள ஒரு சிலருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் வீதம் 6 நாட்கள் கொடுத்தனர். நச்சுயிர் தொற்றிய உயிரணுக்களை அழிக்கும் ஒரு வகை வெள்ளணுவின் செயல் அவர்களிடம் உயர்ந்தது. ஆறு நாட்களில் ஓர் அணுவின் செயல் உயர்வது வேறு. ஓராண்டில் ஒருவர் குறைவாக நோயுறுவது வேறு. முன்னதே அளக்கப்பட்டது. சோயாவில் கண்டறியப்பட்ட லூனாஸின் என்ற 43 அமினோ அமிலப் பெப்டைடு கோதுமையிலும் பார்லியிலும் உண்டு என முதலில் எழுதப்பட்டதும், பின்னர்க் கோதுமையின் மரபணுக்களில் தேடியபோது அதற்குச் சான்று கிட்டாததும் இத்துறையில் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டு.

மொழிபெயர்ப்பில் ஈடுபட்டோர் இங்கு ஒன்றைக் கவனித்திருப்பர். மூல ஆய்வுரைகளில் 'ஊக்குவிக்கக் கூடும்' என்றே எழுதப்பட்டிருக்கும். அது செய்தியாகும்போது 'ஊக்குவிக்கும்' என்றாகிறது. விளம்பரத்தை அடையும்போது 'ஊக்குவிக்கிறது' என நிலைபெற்றுவிடுகிறது. கைவிடப்படுவது ஒரு துணைவினை மட்டுமே. ஆனால் ஆய்வாளர் கூறியதில் பாதி அதனுள் அடங்கியிருந்தது.

அதே கோதுமையின் மறுபக்கம்

பெப்டைடு நோய்த் தடுப்பு அமைப்பைத் தூண்டுவது எப்போதும் நலமே என்று கொள்வதற்கு இடமில்லை. 2002-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர், கோதுமையின் கிளையடினிலிருந்து உண்டாகும் 33 அமினோ அமிலத் துண்டு ஒன்றை விவரித்தனர். இதில் 13 புரோலினும் 10 குளூட்டமினும் உள்ளன. இரைப்பை, கணையம், குடற்சுவர் ஆகியவற்றின் நொதிகள் யாவும் சேர்ந்தும் இதனை எளிதில் அறுக்க இயலவில்லை. பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் எச்.எல்.ஏ. டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்னும் பரம்பரைக் கூறு உடையோரில் ஒரு சிலருக்கு, குடற்சுவரிலுள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி இத்துண்டின் குளூட்டமினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்ற, மாறிய துண்டு அப்பரம்பரைக் கூற்றில் இறுகப் பற்றிக்கொள்கிறது. வெள்ளணுக்கள் அதனைப் பகையெனக் கருதிப் போரிடுகின்றன. சேதமுறுவது கோதுமையன்று, குடற்சுவரே. உணவை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து தட்டையாகின்றன. இதுவே ஸீலியாக் நோய்.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்நோயுற்ற குழந்தைகள் தேறியது, அவருக்கு முன்பே இருந்த ஐயத்தை வலுப்படுத்திற்று. தம் ஆய்வேட்டை அவர் 1950-இல் வெளியிட்டார்.

இது மேல்நாட்டு நோய் என்றே நம் நாட்டில் நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. 2011-இல் வெளியான ஆய்வு, தில்லியைச் சார்ந்த பகுதியில் 96 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டிற்று. 2016-இல் வெளியான விரிவான ஆய்வில், இந்நோயைக் குறிக்கும் எதிர்ப்பொருள் வட பகுதியில் நூற்றுக்கு 1.23 பேரிடமும், வடகிழக்கில் 0.87 பேரிடமும், தென் பகுதியில் 0.10 பேரிடம் மட்டுமே காணப்பட்டது. பரம்பரைக் கூறோ மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வேறுபட்டது உணவு: வடக்கில் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, வடகிழக்கில் 37 கிராம், தெற்கில் 25 கிராம். வடகிழக்கின் நிலையை இக்கணக்கு மட்டும் விளக்கிவிடாது என்பது உண்மையே. எனினும் கோதுமை உணவு பரவிவரும் பகுதிகளில் மருத்துவர்கள் இந்நோயை மனத்தில் வைத்திருத்தல் நலம். வளர்ச்சி குன்றிய குழந்தை, நாட்பட்ட வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் தீராத சோகை ஆகியவை ஐயத்திற்கு இடமளிக்கும் குறிகள்.

இந்நோயுள்ளோர் பலர் தமக்கு அது உண்டென்பதை அறியார். அத்தகையவர் உடல் தேற வேண்டிக் கோதுமைப் புரதம் சிதைத்த மாவையோ, பார்லி மால்ட் சேர்ந்த பானத்தையோ பருகினால், தேறுவதற்கு மாறாக மேலும் நலிவர். நோயை அறிய இரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் பரிசோதனைக்கு முன்னரே தாமாகக் கோதுமையை விலக்கிவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து நோய் மறைந்திருக்கும். நோய் உறுதியானால் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றை முற்றிலும் நீக்க வேண்டும். அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் ஆகியன தடையின்றி உண்ணத்தக்கவை. குளூட்டன் அற்றது என விற்கப்படும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தல் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி.

ஊறவைத்தலும் புளிக்கவைத்தலும்

வீடுகளில் வழிவழியாக வரும் முறைகள் சிலவற்றில் பெப்டைடுகள் உண்பதற்கு முன்பே உண்டாகத் தொடங்குகின்றன. முளைகட்டிய தானியத்தில், இளஞ்செடிக்கு உணவளிக்க வேண்டி, விதையின் சொந்த நொதிகளே புரதத்தை வெட்டுகின்றன. இட்லி மாவிலும் கேழ்வரகுக் கூழிலும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் அதே வேலையைச் செய்கின்றன. இவற்றில் தோன்றும் குறிப்பிட்ட பெப்டைடு மனிதரிடம் நோயைத் தடுத்தது என நிறுவப்படவில்லை. நிறுவப்பட்ட பயன் வேறு: தானியத்தின் ஃபைட்டிக் அமிலம் குறைவதால் இரும்பும் துத்தநாகமும் உடலில் எளிதாகச் சேர்கின்றன. துத்தநாகம் குறைந்தால் வெள்ளணுக்கள் பெருகுவது தடைப்படும். ஆகவே புளித்த மாவின் சிறப்பைக் கூற, நிறுவப்படாத பெப்டைடைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

ஜார்க்கண்டு ஆய்வு

தனிப் பெப்டைடை விட்டு, தானியமும் பருப்பும் சேர்ந்த முழு உணவை நோக்கினால், சான்று மிக வலுவாக இருக்கிறது. நோய் எதிர்ப்புப் பொருள்கள் யாவும் புரதங்களே. தொற்று ஏற்பட்டபோது ஒரே ஓர் உயிரணு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் அவற்றை வெளியிடுகிறது. அவற்றை ஆக்கும் அமினோ அமிலங்கள் உணவிலிருந்தோ, உணவு போதாதபோது தசையிலிருந்தோ வரவேண்டும். தானியப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறையும் மெதியோனின் தானியத்தில் உண்டு. வயதுவந்தோர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் வகுத்த அளவும், இவ்விரண்டும் கலந்த உணவை உட்கொண்டு கூறப்பட்டதே.

காசநோய், உணவுக் குறைவோடு நெருங்கிய தொடர்புடைய நோய். நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வோர்க்கு அது தொற்றுவதை உணவால் குறைக்க முடியுமா என்ற வினாவிற்கு, ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு விடை தேடிற்று. 2,800 நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தினர் 10,345 பேரும் இதில் சேர்க்கப்பட்டனர். எல்லா நோயாளிகளுக்கும் உணவுப்பொருள் வழங்கப்பட்டது. குடும்பத்தினரில் ஒரு பிரிவினருக்கு மட்டும், தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ துவரம்பருப்பும் சத்து மாத்திரைகளும் அளிக்கப்பட்டன. நாளொன்றுக்கு இது 750 கலோரியும் 23 கிராம் புரதமும் ஆகும். 2023-இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது, பெறாதவரைக் காட்டிலும் நூற்றுக்கு 39 வீதம் குறைந்தது. பிறர்க்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் கணக்கிட்டால், குறைவு நூற்றுக்கு 48 வீதம்.

இப்பயனில் பெப்டைடுகளின் பங்கு தனியே அளக்கப்படவில்லை. கலோரி, புரதம், உயிர்ச்சத்து, தாது ஆகிய யாவும் சேர்ந்து விளைவித்த பயன் அது. கொடுக்கப்பட்டவையோ எந்த நியாயவிலைக் கடையிலும் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய பொருள்கள்.

காசநோயாளிகளுக்கு உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிவந்த நிக்ஷய் போஷண் திட்டத்தின் தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நன்கொடையாளர் வாயிலாக நோயாளிகளுக்கு உணவுப்பொருள் வழங்கும் நிக்ஷய் மித்ரா ஏற்பாட்டில், நோயாளியின் குடும்பத்தினரையும் சேர்த்துக்கொள்வதென அதே ஆண்டில் முடிவு செய்யப்பட்டது.